எட்டு நாள் காப்பும் ஏழாவது கேள்வியும்

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கையை நீட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாமி பேரைச் சொல்லி ஒருவர் மஞ்சள் நூலை நீட்டும்போது கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். விளக்கைக் கண்டால் கும்பிடுவேன், திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்வேன், நூல் கொடுத்தால் கட்டிக்கொள்வேன்.

எங்கள் வீடு மதுரை பழங்காநத்தத்தில். வீட்டுக்காரர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை, தினம் ஊசி போடவேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறியவள். அதற்கப்புறம் படிக்கவில்லை. கிராமங்களுக்குத் தண்ணீர் வசதி செய்துகொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடமாகக் களப்பணியாளர். உசிலம்பட்டிக்கு மேற்கே சில ஊர்களில் எங்கள் நிறுவனம் போர் போட்டு, தொட்டி கட்டி, குழாய் வைத்துக் கொடுத்திருந்தது. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு ஊருக்கும் போய் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. அதில் ஒரு நகல் கலெக்டர் ஆபீசுக்கும் போகும். மோட்டார் ஓடுகிறதா, குழாய் ஒழுகுகிறதா, தண்ணீர்க் குழு கூடியதா என்று வரிசையாகக் கேள்விகள். ஏழாவது கேள்வி, எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் கிடைக்கிறதா என்பது. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

இந்த ஊரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குழுச் செயலாளர் தன் வீட்டு வாசலில் நாற்காலி எடுத்துப் போடுவார். கணக்கில் தவறியவளை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். “எல்லா வீட்டுக்கும் வருதுல்லண்ணே?” என்று கேட்பேன். “வராம எங்கிட்டுப் போகும் மேடம்?” என்பார். அம்மன் கோயிலை ஒட்டி இருக்கிற குழாயடிக்குப் போய்த் திருகிப் பார்ப்பேன். தண்ணீர் கொட்டும். போனில் போட்டோ எடுப்பேன். ஆம் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். நான்கு வருடம் இப்படித்தான் போனது. பொய் எழுதுகிறோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அந்தச் செவ்வாய் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள். நான் போய் இறங்கியபோது கோயில் வாசலில் கூட்டம். பூசாரி மஞ்சள் கிழங்கு முடிந்த நூலை வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நான் கையை நீட்டினேன். கட்டிவிட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, படிவத்தை நிரப்பிப் பையில் வைத்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேண்ணே” என்றேன்.

செயலாளர் சிரித்தார். “எங்க போறீக? காப்புக் கட்டிக்கிட்டீகள்ல. இனி அடுத்த செவ்வா வரைக்கும் நம்ம ஊருதேன்.”

“நான் வெளியூருண்ணே.”

“அது நூலு ஏறுறதுக்கு முன்னாடி சொல்லணும் மேடம்.”

மதுரைக்குள் கோயிலில் நூல் கட்டினால் வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைப்போம். இங்கே நூல் கட்டிய கை, எட்டாம் நாள் முளைப்பாரி கரைத்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பங்கொத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். செயலாளரின் மனைவி என் பையை வாங்கிக்கொண்டே சொன்னார்: “போன வருசம் ஒருத்தன் காப்போட திருப்பூருக்குக் கெளம்புனான். உசிலம்பட்டி தாண்டல. பஸ்ஸுலருந்து எறங்கையில கால் ஒடிஞ்சு ஆட்டோவுல திரும்பி வந்தான். வாங்க, நம்ம வீட்ல இருங்க. ஒங்களுக்கு என்ன கொறச்சல்?”

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “ஒரு நூலுக்கா எட்டு நாளு? அந்த ஊர்ல கத்திரிக்கோல் இல்லையா?” என்றார்.

“வாயக் கழுவுங்க மொதல்ல.”

“சரி, அம்மாவுக்கு ஊசி யாரு போடுறது?”

“நீங்கதான்.”

“ஊசியப் பாத்தா எனக்கே மயக்கம் வரும்டி.”

பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. “அவ சாமி காரியமா இருக்கா. நீ கண்ண மூடிக்கிட்டுக் குத்துடா.”

அடுத்து ஆபீசில் எங்கள் அதிகாரிக்குச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். “ரொம்ப நல்லதாப் போச்சும்மா. வர்ற திங்கக்கிழம ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு மேடம் வாராங்க. மலாவின்னு ஒரு நாடு. அங்க கிராமத்துத் திட்டம் எல்லாம் அவங்க பொறுப்பு. பைப்பு போட்டுக் குடுத்துட்டு வந்தா அப்புறம் அது என்ன ஆகுதுன்னு தெரிய மாட்டேங்குதாம். நாம எப்படிக் கண்காணிக்கிறோம்னு பாக்க வாராங்க. உங்க ஊரத்தான் காட்டப் போறோம். நாலு வருசத்துல ஒரு ‘இல்லை’கூட விழாத ஊரு அது ஒண்ணுதான். உங்க படிவத்த அப்படியே அங்க கொண்டுபோகப் போறாங்க.”

போனை வைத்துவிட்டுக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன். அதற்காகத்தான் தாய் என்னை இங்கே இருத்தினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் குழாயடிக்குப் போனேன். மாதம் ஒரு போட்டோவில் பார்த்த இடத்தை முதல் முறையாக உட்கார்ந்து பார்த்தேன். பெண்கள் குடம் குடமாகப் பிடித்தார்கள். முளைப்பாரி வளர்க்கிற வீட்டுக்குத் தனியாக ஒரு குடம், கோயிலுக்கு ஒரு குடம். எல்லாம் மேலத்தெருப் பெண்கள். வியாழக்கிழமையும் அதே முகங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சனங்கள், இப்போது குத்தகைக்கும் சொந்தத்துக்குமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். படிவத்தின் வீட்டுக் கணக்கில் அவர்களும் உண்டு. ஆனால் இரண்டு நாளில் அங்கிருந்து ஒரு குடம்கூட வரவில்லை.

செயலாளரின் மனைவியிடம் கேட்டேன். “கீழத்தெருக்காரங்க எப்பக்கா தண்ணி பிடிப்பாங்க?”

“காப்புக் கட்டுனா அவுக வரமாட்டாக. பாரிக்குத் தண்ணி எடுக்குற கொழாயில்ல?”

“மத்த நாள்ல?”

“வருவாக. நம்ம சனம் பிடிச்சு முடிச்ச பெறகு.”

“அதுக்குள்ள தொட்டி காலியாயிருமேக்கா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அம்புட்டும் நாமளா பாக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். கெட்ட மனுசி இல்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் பாய் போட்டு, தன் புதுச் சேலையைக் கட்டக் கொடுத்தவர்.

அன்று மத்தியானம் ஓடைப் பாலத்தைத் தாண்டினேன். நூறடி தூரம்கூட இருக்காது. நான்கு வருடத்தில் ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை. முதல் வீட்டு வாசலில் என்னைவிட மூத்த ஒரு பெண் இரண்டு பிளாஸ்டிக் குடங்களை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை அழுதது. மகளுக்குப் பிள்ளை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை என்றாள். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். தெற்கே ஒரு தோட்டத்து மோட்டாரிலிருந்து. போய் வர முக்கால் மணி நேரம்.

“நான் யாருன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மேடம். நாலு வருசமாப் பாக்குறேன்ல. பஸ்ஸுல எறங்குவீக, கலர் குடிப்பீக, கொழாயத் தெறந்து போட்டா பிடிப்பீக, போயிருவீக.”

உள்ளே போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டோடு ஒரு கடிதம் இருந்தது. தெருவுக்கு ஒரு குழாய் கேட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்ததற்கு வந்த பதில். எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் கிடைத்து வருவதாகக் கண்காணிப்புப் படிவத்தில் இருப்பதால் மனு முடித்துவைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.  அந்த வாக்கியத்துக்கு அடியில் என் பெயர் இல்லை. ஆனால் அது நான்தான்.

“அந்தப் படிவம் யாருன்னு கேட்டேன். யாரோ ஒரு ஆபீசருன்னாக. நீங்கதேனா?” என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பெரிய ஆபீசருன்னுல்ல நெனச்சேன்,” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “தோட்டக்காரரு சித்திரை பொறந்தா வெள்ளாம முடிஞ்சு மோட்டாரக் கழட்டிட்டுப் போயிருவாரு. அப்புறம் இந்தப் பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு சொல்லுங்க. அதுக்கு ஒங்க பேப்பர்ல கட்டம் இருக்கா?”

சித்திரைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

திரும்பி வந்தபோது செயலாளர் வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார். “கீழத்தெருவுக்குப் போனீகளாம்ல. காப்புக் கட்டுன ஒடம்பு. தல முழுகிட்டு உள்ள வாங்க. சாயந்தரம் பாரி வீட்ல கும்மிக்கு வரணும்ல.” நான் முழுகினேன். மறுக்கவில்லை. மூன்று வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கீழத்தெருக்காரி சுமந்து வந்த இரண்டு குடத்தைவிட அது அதிகம் என்று துவட்டும்போதுதான் உறைத்தது. சாயந்தரம் போய்க் கும்மியும் தட்டினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.  அவர், “திங்கக்கிழமை போகட்டும்மா, அப்புறம் பாப்போம்” என்றார்.

“மோட்டார் சித்திரையில நின்னுரும் சார். நான் ஏழாவது கேள்விய இந்த மாசம் திருத்திடுறேன்.”

“ஒரு மாசத்தத் திருத்துனா நாலு வருசமும் பொய்யாயிரும். எல்லாத்துலயும் கையெழுத்து யாருது? உங்களுது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மறுநாள் காலையில் செயலாளர் காபித் தம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “விருந்தாளியா வந்தீக, விருந்தாளியாவே இருந்துட்டுப் போங்க மேடம்.”

அவர் வீட்டுச் சோறு, அவர் மனைவியின் சேலை, அவர் ஊர்ச் சாமியின் நூல். மத்தியான பஸ் தினமும் தோரணத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ஏறி உட்கார்ந்தால் பழங்காநத்தம். வெந்நீர் வைத்துக் குளித்து, காய்ச்சல் என்று சொல்லி நான்கு நாள் படுத்துக்கொள்ளலாம். ஆனால் நூலோடு எல்லையைத் தாண்ட என்னால் ஆகாது. என் நம்பிக்கையே என்னைக் கட்டிப் போட்டிருந்தது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒன்றைத்தான் கேட்டேன். தாயே, இந்த நூலை நீ கட்டினாயா, இவர்கள் கட்டினார்களா? அவர்கள் குடத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னது நீயா?  அம்மன் மஞ்சள் முகத்தோடு அப்படியே இருந்தாள். எத்தனையோ முறை அழுதிருக்கிறேன் அவள் முன்னால், பயந்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. மலாவி அம்மா இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் பூப்போட்ட துணியை நம் ஊர்க் கண்டாங்கி போலச் சுற்றியிருந்தார். தோரணத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தார். எங்கள் அதிகாரிதான் மொழிபெயர்ப்பு. குழாயைத் திறந்தார்கள், கொட்டியது. செயலாளர் சால்வை போர்த்தினார். என் நான்கு வருடப் படிவங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், போனில் படம் எடுத்தார். ஏழாவது கேள்வியில் விரலை வைத்து என்னமோ கேட்டார்.

“எப்படி ஒரு மாசம்கூடத் தவறலன்னு கேக்குறாங்க. நல்லாப் பாராட்டுறாங்கம்மா,” என்றார் அதிகாரி.

 “சார், அது தப்புன்னு சொல்லுங்க. நான் கீழத்தெருவுக்குப் போனதே இல்ல. கேட்டுட்டு எழுதினேன். அவங்களுக்குத் தண்ணி கெடைக்கலன்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அந்த அம்மாவிடம் இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். அந்த அம்மா தலையாட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா இல்லையா? என் சொல் அவர் வாய்க்குள் போனபின் என்னவாகிறது என்று பார்க்க எனக்கு வழியில்லை. அந்த நிமிடம்தான் புரிந்தது, கீழத்தெருவுக்கு நான்கு வருடமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று.

குழாயடியில் இருந்த ஒரு காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தேன். அந்த அம்மாவைப் பார்த்துக் கையை அசைத்து, வாங்க என்றேன். ஓடையைப் பார்த்து நடந்தேன்.

“எங்கம்மா போறீங்க? ஏம்மா!” என்று அதிகாரி கூப்பிட்டார். “மேடம், சாப்பாடு ரெடியா இருக்கு” என்றார் செயலாளர். பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். விருந்தாளி நடக்கும்போது யார் தடுப்பது? எல்லோரும் பின்னாலேயே வரவேண்டியதாயிற்று.

அந்த முதல் வீட்டுப் பெண் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். மலாவி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக் கனம் பார்த்தார். தெற்கே கையைக் காட்டி எவ்வளவு தூரம் என்பதுபோல் சைகை செய்தார். இவள் சூரியனைக் காட்டி, அது நகரும் தூரத்தை விரலால் அளந்து காட்டினாள். அந்த அம்மா குழாயடி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதிகாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“என்ன சொல்றாங்க சார்?” என்று கேட்டேன். அவர் வேறு வழியில்லாமல் சொன்னார்: “ஆபீசருங்க வண்டி வர்ற அன்னைக்கு அவங்க ஊர்லயும் பம்பு நல்லா ஓடுமாம்.”

கீழத்தெருக்காரி வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். “அப்ப அங்கயும் நம்ம மேடம் மாதிரி ஆளுகதேன் வேல பாக்குறாக போல.”

அந்த அம்மா கையோடு கொண்டுவந்திருந்த என் படிவம் ஒன்றை எடுத்து, ஏழாவது கேள்வியைப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டார். யாரிடம் கேட்டீர்கள், எங்கே நின்று கேட்டீர்கள் என்று தங்கள் ஊர்ப் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கப்போகிறாராம். அதிகாரி அதை மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்தார்கள். பூசாரி காப்பை அவிழ்த்தார். நான் சேலையைத் துவைத்து மடித்து அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோரணத்துக்குக் கீழே போகும்போது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஊரைவிட்டு வந்தேனே தவிர, அந்தக் கட்டத்திலிருந்து வெளியே வரவில்லை.

அந்த மாதப் படிவத்தில் ஆம் என்பதை அடித்து இல்லை என்று எழுதி, கீழத்தெரு என்று பெயரும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது, மறுபடி பார்வையிட்டு நிரப்பவும் என்று. நான் நிரப்பவில்லை. அதற்குள் அந்த ஊரை என்னிடமிருந்து எடுத்து, புதிதாகச் சேர்ந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். என்னை ஆபீசில் பேப்பர் அடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர், “வேலை இருக்குல்ல, விடு” என்றார். மாமியார் மட்டும், “இன்னொரு மனு எழுதிக் குடுங்கடி” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கீழத்தெருக்காரியும் நானும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றோம். ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். புது மனுவோடு, திரும்பி வந்த என் படிவத்தையும் இணைத்தேன். நான் எழுதிய பழைய படிவங்கள் தவறு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  வாங்கிய குமாஸ்தா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆமான்னு எழுதுனதும் நீங்க, இல்லைன்னு எழுதுனதும் நீங்க. எதம்மா நம்புறது?” என்றார். திரும்பி வந்த படிவத்தில் கீழத்தெரு என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். “சரி, ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றோம்,” என்று ரசீது கொடுத்தார்.

“யாரு சார் வருவாங்க?”

“உங்க நிறுவனத்துலதான் அந்த ஊருக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்கல்ல? அவங்க அறிக்கையத்தான் கேப்போம்.”

வெளியே வேப்பமரத்து நிழலில் அவளிடம் சொன்னேன். “வர்றது புதுப் பொண்ணு. என்னை மாதிரியே மத்தியான பஸ்ஸுக்கு ஓடுற வயசு. நேரா செயலாளர் வீட்டு நாற்காலிக்குத்தான் போவா.”

சித்திரைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவள் ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எந்தக் கெழமன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க மேடம்,” என்றாள். “தெருவுல அம்புட்டுப் பேரும் கொடத்தோட பஸ் ஸ்டாப்புல உக்காந்துக்கிருவோம். எங்களத் தாண்டி எப்படிப் போயிருவான்னு பாக்குறேன்.”

ஆபீசில் பேப்பர் அடுக்குகிறவளுக்கு அதை விசாரிப்பது பெரிய காரியமில்லை. நான் சொன்னது தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும். மறுநாள் வெள்ளென மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் பயண அட்டவணை என் மேசைக்குத்தான் வந்தது. வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. வராந்தாவுக்கு வந்து கீழத்தெருக்காரிக்குப் போன் போட்டேன்.